பூனைக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். மாவு மில்காரர் ஒருவர் செத்துப்போகிறார். மூத்த பிள்ளைக்கு மில், நடுப்பிள்ளைக்குக் கழுதை, கடைக்குட்டிக்குப் பூனை. (இந்தப் பாகப்பிரிவினையைச் செய்து வைத்த மகானுபாவர் யாரென்று கதையில் இல்லை.) கடைக்குட்டி தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும்போது பூனை வாயைத் திறந்து பேசுகிறது. "ஒரு ஜோடி பூட்ஸ் மட்டும் வாங்கிக் கொடு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்கிறது. பார்த்துக்கொள்ளவும் செய்கிறது. ராஜாவை ஏமாற்றி, வயலில் அறுவடை செய்கிறவர்களை மிரட்டி, ஒரு மந்திரவாதியை எலியாக மாறவைத்து விழுங்கி, அவன் கோட்டையை நம் பையனுக்கு வாங்கிக் கொடுத்து, ராஜகுமாரியையும் கட்டி வைத்துவிடுகிறது.

'பூனை பூட்ஸை மாட்டிக்கொண்டது' என்பது சொல்வதற்கு மூன்றே வார்த்தை. மரப் பொம்மையை நூலில் கட்டி, மேலேயிருந்து ஆட்டுகிற நாடகத்தில் அந்த மூன்று வார்த்தை எங்களுடைய ஏழு வியாழக்கிழமைகளைச் சாப்பிட்டது.

'எங்களுடைய' என்றது, ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் என் பெண் படிக்கிற பள்ளிக்கூடத்தின் பெற்றோர் கோஷ்டியை. வருஷத்துக்கு ஒரு பொம்மை நாடகம் போடுவார்கள். 2024-ல் ஸ்கிரிப்ட் எழுத ஆள் தேடினபோது என் மனைவி சும்மா இருக்கக் கூடாதோ? "இவர் இந்தியாவிலே பத்திரிகைக்கெல்லாம் எழுதியிருக்கார்" என்று சொல்லிவிட்டாள். நான் எழுதியது நாலு துணுக்கு, வடையைப் பற்றி ஒரு வாசகர் கடிதம். ஜெர்மனில் மொழிபெயர்த்தபோது அது 'எழுத்தாளர்' ஆகிவிட்டது. கை தட்டினார்கள். தட்டின பிறகு ஓடமுடியாது.

ஆக்ஸ்பர்க்கில் பொம்மை நாடகம் போடுவது என்பது தஞ்சாவூரில் போய் வீணைக் கடை திறப்பது மாதிரி. மியூனிக்கிலிருந்து ரயில் ஏறினால் அரை மணி, முக்கால் மணியில் வந்துவிடுகிற ஊர். இங்கே இருக்கிற 'புப்பன்கிஸ்டே'யைத் தெரியாத ஜெர்மன்காரர் கிடையாது. பொம்மைப் பெட்டி என்று அர்த்தம். மேடையின் முகப்பே சரக்கு அனுப்புகிற மரப்பெட்டியின் மூடி மாதிரி இருக்கும். மூடி இரண்டாகப் பிளந்து திறந்தால் நாடகம் ஆரம்பம்.

ஆரம்பித்தவர் வால்டர் ஓமிஷென். ஊர் தியேட்டரில் நாடகம் இயக்கிக்கொண்டிருந்தவர். யுத்த காலத்தில், 1943-ல், வீட்டுக் கதவு நிலைக்குள் பொருந்துகிற மாதிரி தன் பெண்களுக்காக ஒரு குட்டி மேடை செய்தார். 1944 பிப்ரவரியில் விமானங்கள் வந்து ஊரைக் கொளுத்திவிட்டுப் போன ராத்திரி, தியேட்டரில் வைத்திருந்த அந்த மேடையும் சாம்பல். பொம்மைகள் மட்டும் வீட்டில் இருந்ததால் பிழைத்தன. நாலு வருஷம் கழித்து, 1948 பிப்ரவரி 26-ம் தேதி, பழைய தர்ம ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றில் புது மேடை திறந்தார். முதல் நாடகம் எது தெரியுமோ? பூட்ஸ் போட்ட பூனை!

அந்த வருஷம் இந்த நாட்டில் கையில் ஒன்றுமில்லாமல் நின்ற கடைக்குட்டிகள் ஏராளம். புது மார்க் கரன்ஸி வர இன்னும் நாலு மாசம் பாக்கி. கடையில் சாமான் இல்லை, எல்லாவற்றுக்கும் ரேஷன் கார்டு. அப்படிப்பட்ட ஊரில், சுவர் எல்லாம் கரியாக நிற்கும்போது, ஒரு மனுஷர் குழந்தைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சிரிக்கவைக்கிறார் என்றால், அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது! அவர் பெண் ஹன்னலோரே அப்போது பள்ளிக்கூட வயசு தாண்டாத பெண். பிற்காலத்தில் தன் ஆயுளில் ஏறக்குறைய 6,000 பொம்மைகள் செதுக்கினவர் அவர். 1953-ல் இந்தப் பெட்டி டெலிவிஷனுக்கும் போனது. அதிலே சமுத்திரம் என்றால் வெறும் பிளாஸ்டிக் தாள். இரண்டு பேர் ஓரத்தில் நின்று ஆட்டுவார்கள், அலை அடிக்கும். இன்றைக்கு ஐம்பது வயசுக்காரர்களைக் கேட்டாலும், நிஜக் கடலைவிட அந்தக் கடல்தான் நிஜமாக இருந்தது என்பார்கள்.

இவ்வளவு பெரிய பூனை நடமாடின ஊரில் நாங்கள் இன்னொரு பூனையை விடப்போகிறோம். அதுவும் காமெடியாக!

காமெடி என்பதில் ஜெர்மன்காரர்களைப் பற்றி உங்களுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் பொம்மை மேடையைப் பொறுத்தவரை அது அநியாயமான அபிப்பிராயம். பழைய நாளில் இங்கே நாடகத்துக்கு நாடகம் ஒரு கோமாளி உண்டு. ஹான்ஸ்வுர்ஸ்ட் என்று பேர். 'வுர்ஸ்ட்' என்றால் இவர்கள் தின்கிற அந்த இறைச்சிக் குழல். 1737-ல் லைப்ஸிக் நகரத்தில் கரோலினே நாய்பர் என்ற நாடகக் கம்பெனி அம்மையார், காட்ஷெட் என்ற புரொபசரின் யோசனைப்படி, இனி நாடகம் என்றால் கௌரவமாக இருக்கவேண்டும் என்று அந்தக் கோமாளியை மேடையிலேயே பகிரங்கமாக விரட்டிவிட்டார். விரட்டினால் போய்விடுவானா? பொம்மை மேடையில் அவன் ஜாதிக்கு எப்போதும் இடம் உண்டு. அங்கே காஸ்பர்ல் என்ற பெயரில் இன்றுவரை உட்கார்ந்திருக்கிறான். நம் தோல்பாவைக் கூத்தில் ராமாயணத்துக்கு நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து நிற்கிறார்களே, அதே உறவுமுறைதான். எந்தக் கதையானாலும் அவனுக்குப் பசிக்கும்.

1858-ல் மியூனிக்கில் ஷ்மிட் என்ற குமாஸ்தா நிரந்தரப் பொம்மை தியேட்டர் ஒன்று தொடங்கினபோது, அதற்கு நாடகம் எழுதிக் கொடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஃப்ரான்ஸ் ஃபான் போச்சி. பிரபு பட்டம் உள்ளவர். பவேரியா அரசவையில் சடங்கு சம்பிரதாயங்களை நடத்திவைக்கிற அதிகாரியாக இருந்தவர். யார் முன்னே நடக்கணும், யார் எத்தனை தடவை குனியணும் என்று பார்ப்பதுதான் உத்தியோகம். அந்த மனுஷர் வீட்டுக்குப் போய், சம்பிரதாயம் ஒன்றுமே தெரியாத காஸ்பர்லுக்கு டயலாக் எழுதினார். ஒன்றிரண்டல்ல, நாற்பதுக்கு மேல் நாடகங்கள். நீலத்தாடிக்காரன், ஹான்ஸல்-க்ரேடல் என்று ஊருக்கே தெரிந்த கதைகள் அவர் கையில் பொம்மை நாடகமாயின. ஆபீஸில் வாயைத் திறக்கமுடியாதவர்கள் எழுதுகிற காமெடிக்கு ஒரு தனி ருசி உண்டு. நானும் ஆபீஸ் போகிறவன்தான்.

எங்கள் நாடகத்தில் காஸ்பர்லைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு வியாழக்கிழமை முழுக்க விவாதம். நான் வேண்டாம் என்றேன். பூனையே பெரிய கோமாளி. ஒரு மேடையில் இரண்டு கோமாளி நின்றால் இருவரும் ஒருத்தருக்கொருத்தர் கால் வாருவதிலேயே நேரம் போய்விடும். காஸ்பர்லுடைய பசியை மட்டும் எடுத்துக் கடைக்குட்டிக்குக் கொடுத்துவிட்டேன். பூனை எத்தனை பெரிய திட்டம் சொன்னாலும், "அது சரி, சாப்பிட என்ன இருக்கு?" என்பான். கடைசியில் கோட்டையே கிடைத்த பிறகும் அதே கேள்விதான்.

இனி அந்த ஏழு வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

நூல் பொம்மை என்பது விசித்திரமான ஆக்டர். சாதாரணமாக ஒரு பொம்மைக்கு ஒன்பது நூல். தலைக்கு இரண்டு, தோளுக்கு இரண்டு, கைக்கு இரண்டு, முழங்காலுக்கு இரண்டு, குனிவதற்கு முதுகில் ஒன்று. எல்லாம் மேலே ஒரு குறுக்குக் கட்டையில் வந்து சேரும். கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டத்தில் நூலை ஒரு வளையத்தில் கட்டி அதை ஆட்டுகிறவர் தலையிலேயே மாட்டிக்கொள்வார். இங்கே கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, திரைக்குப் பின்னால் உயரத்தில் போட்ட பலகையில் நின்று, கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி குனிந்தபடி ஆட்டவேண்டும். அரை மணியில் இடுப்பு விண்டு போகும்.

நமக்குச் சுலபமானது எதுவும் இந்த ஆக்டருக்கு வராது. ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடிக்கச் சொல்லுங்கள், முடியாது. உள்ளங்கையில் ஓட்டை போட்டு, அது வழியாக டம்ளருக்கு ஒரு நூல் விட்டு, மேலேயிருந்து இழுத்தால்தான் டம்ளர் கைக்கு வரும். கதவு வழியாக உள்ளே வரச் சொல்லுங்கள், நூல் போய் நிலையில் இடிக்கும். அதனால் பொம்மை வீட்டுக் கதவுக்கு மேல்நிலை கிடையாது. சட்டையைக் கழற்றச் சொன்னால் ஆட்டுகிறவர் அழுதுவிடுவார். ஆனால் நம்மால் ஆகவே ஆகாததைக் கேளுங்கள், பறக்கணுமா, இதோ! யானையாக மாறணுமா, ஒன்றை மேலே தூக்கு, இன்னொன்றைக் கீழே இறக்கு, ஒரு நிமிஷ வேலை.

ஆக, மந்திரவாதி யானையாகி, சிங்கமாகி, எலியாகிற காட்சி எங்களுக்கு அல்வா மாதிரி. பூனை பூட்ஸ் மாட்டுகிற காட்சிதான் வில்லன். முதலில் பூனையை ஒரு மறைப்புக்குப் பின்னால் அனுப்பினோம். வெறுங்காலோடு போய் பூட்ஸோடு வரவேண்டும். வருவது வேறு பூனை. அப்புறம் எலி விழுங்குகிற காட்சிக்கு இன்னொரு பூனை வேண்டும். எலியின் நூல் பூனையின் வாய் வழியாக ஏறி, மண்டை வழியாக மேலே போகும். சுண்டினால் எலி நேரே வாய்க்குள்! அந்த நூலோடு பூனை நாடகம் முழுக்க நடமாட முடியாதே? ஆக மொத்தம் மூன்று பூனை. மூன்றும் ஒரே முகமாக இருக்கவேண்டும். கதையில் கடைக்குட்டிக்கு ஒரு பூனை வைத்துவிட்டுப் போன அப்பா புண்ணியவான்.

1810-ல் க்ளைஸ்ட் என்ற எழுத்தாளர் பெர்லின் பத்திரிகை ஒன்றில் நூல் பொம்மையைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் ஒரு நாட்டியக்காரர் வந்து, மனுஷன் ஆடுவதைவிடப் பொம்மை ஆடுவது அழகு, ஏனென்றால் பொம்மைக்குப் பாசாங்கு தெரியாது, எடையின் மையத்தைச் சரியாகப் பிடித்தால் கை கால் ஊசல் மாதிரி தானே வரும் என்று வாதாடுகிறார். ரொம்ப உயர்ந்த தத்துவம் என்று நினைத்தேன். முதல் தடவை கட்டையைக் கையில் வாங்கினபோதுதான் அது தத்துவம் இல்லை, தச்சு வேலை என்று புரிந்தது. பாதத்தில் ஈயம் இல்லாவிட்டால் பொம்மை நடக்காது, மிதக்கும். அதிக ஈயம் வைத்தால் போலீஸ்காரர் மாதிரி நடக்கும். நடுவிலே ஓர் இடத்தில், சில கிராம் வித்தியாசத்தில், பூனை மாதிரி நடக்கும்.

காமெடியும் அங்கேதான் இருந்தது. நான் முதலில் எழுதிக்கொண்டு போனது இருபத்தெட்டு பக்கம், எல்லாம் டயலாக். ஜெர்மனில் துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். தமிழனுக்கு அது பெரிய சௌகரியம், ஜோக்கைக் கடைசி வரை மூடிவைக்கலாம் என்று வரிக்கு வரி மூடி வைத்திருந்தேன். படித்துக் காட்டினபோது பெரியவர்கள் சிரித்தார்கள். அப்புறம் பொம்மையைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தோம். பொம்மை வெறுமனே நின்றுகொண்டு பேசினால் இரண்டாவது நிமிஷமே குழந்தை நாற்காலிக்கு அடியில் எதையோ தேட ஆரம்பிக்கும். அதனால் பேச்சைச் சுருக்கி வேலையைக் கொடுத்தோம். ராஜாவுக்கு முயல் பிடித்துக் கொடுத்ததாக பிரெஞ்சுக்காரர் பெரோ எழுதினார், 1697-ல். கிரிம் சகோதரர்கள் 1812-ல் அதைக் கௌதாரி ஆக்கினார்கள். (அப்புறம் அடுத்த பதிப்பில் இது பிரெஞ்சுப் பூனை என்று சொல்லிக் கதையையே தூக்கிவிட்டார்கள்.) எங்கள் கோஷ்டியில் நர்ஸாக வேலை பார்க்கிற ஓர் அம்மாள் சுத்த சைவம். "கௌதாரி எல்லாம் வேண்டாம். ராஜாவுக்குக் காளான் பிடிக்கும்னு வைச்சுக்கலாமே" என்றார். ஆச்சரியம், அதுதான் நாடகத்திலேயே பெரிய சிரிப்பு! பூனை மண்டியிட்டு, பதுங்கி, மூச்சை அடக்கி, சாக்கை விரித்து, பத்தடி சுற்றி வளைத்துக் காளானைப் பிடிக்கப் போகிறது. காளான் ஓடவில்லை. பூனைக்கு அது பெரிய அவமானம். திரும்பிப் போய் இன்னொரு தடவை பதுங்கி வருகிறது.

இன்னொரு தாயார் வரிக் கணக்கு ஆலோசகர். அவருக்குக் கதையே சரிப்படவில்லை. "மந்திரவாதியோட கோட்டை எப்படி இவன் பேருக்கு மாறும்? பத்திரம் எங்கே? நோட்டரி எங்கே?" என்றார். "பூனை அவனைச் சாப்பிட்டுடுத்தே" என்றேன். "சாப்பிட்டால் சொத்து மாறாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோஷ்டியில் நான் மட்டும்தான் சிரித்தேன். மற்றவர்கள் யோசித்தார்கள். முடிவில் ஒரு நோட்டரி பொம்மை வந்தது. மூக்குக் கண்ணாடி, கையில் தன்னைவிட நீளமான பத்திரம். எலி உள்ளே போன கையோடு மேலேயிருந்து இறங்கி, "பவேரியாவில் சொத்துக் கைமாற்று வரி 3.5 சதவீதம்" என்று அறிவிக்கும். இந்த ஒரு வரிக்குப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பாமார்கள் சிரித்த சிரிப்பில் ஒரு வேதனை இருந்தது.

ஜெர்மனிலும் நம் மாதிரியே 'நீ', 'நீங்க' உண்டு. 'டூ', 'ஸீ' என்பார்கள். எங்கள் கோஷ்டியில் எல்லாரும் எல்லாரையும் 'டூ'தான். எண்பத்து மூன்று வயசுத் தச்சர் தாத்தா ஒருத்தர், யாரோ ஒரு பிள்ளையின் கொள்ளுத் தாத்தா, எங்களுக்குப் பொம்மை செதுக்கிக் கொடுக்கிறவர். அவரையும் 'நீ' என்று கூப்பிடவேண்டும். எனக்கு நாக்கு எழும்பவே இல்லை. வாக்கியத்தில் 'நீ'யோ 'நீங்க'ளோ வராத மாதிரி சுற்றி வளைத்துப் பேசுவேன். "காபி வேணுமா?" என்று மட்டும் கேட்டால் பிரச்னை இல்லையே! ஒரு நாள் அவரே பிடித்துவிட்டார். "உங்க பாஷையில எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "நீங்... க, நீங்க" என்று இரண்டு தடவை வாயில் போட்டு மென்று பார்த்தார்.

அந்தச் சங்கடத்திலிருந்துதான் எனக்கு மந்திரவாதி காட்சி கிடைத்தது. மந்திரவாதி பூனையை ஆரம்பத்திலிருந்தே 'டூ' போட்டு விரட்டுவான். பூனை நூறு தடவை குனிந்து, "மாண்புமிகு ஐயா அவர்களே, நீங்க யானையா மாறுவீங்களாமே" என்று பேசும். யானை வரும், "அடடா, நீங்களா இது!" சிங்கம் வரும், பூனை கூரை மேல் ஏறிக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்கீங்க" என்று நடுங்கும். "இவ்வளவு பெரிய நீங்க, ஒரு சின்ன எலியா..." என்று இழுக்கும். எலி வரும். பூனை ஒரு நிமிஷம் பேசாமல் பார்க்கும். அப்புறம் மெதுவாக, "இப்ப வா, நீ" என்று சொல்லும். அவ்வளவுதான். எட்டு வயசுப் பிள்ளைகள், மரியாதை எங்கே போயிற்று என்று ஒருத்தரும் விளக்காமலே புரிந்துகொண்டு ஓவென்று கத்தின.

பூட்ஸ் விஷயத்தில்தான் தச்சர் தாத்தா முரண்டு பிடித்தார். காலைச் செதுக்கும்போதே பூட்ஸ் மாதிரி செதுக்கி வர்ணம் அடித்துவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. நிஜத் தோல் வாங்கி, கட்டைவிரல் நீளத்துக்கு இரண்டு பூட்ஸ், மூன்று வாரம் உட்கார்ந்து தைத்தார். அடியில் தோல், ஓரத்தில் தையல், குட்டிக் கொக்கி, மேலே மடிப்பு. அதன் உள்ளே ஈயம். நான் எழுதியிருந்தது, பூனை பூட்ஸ் போட்டதும் நடக்கத் தெரியாமல் தடுக்கி விழுகிற காட்சி. 'கீச் கீச்' என்று சத்தம் வேறு. பாட்டிலில் ஈரக் கார்க்கைத் தேய்த்தால் அருமையாக வரும். விழுந்து, எழுந்து, கீச், மறுபடி விழுந்து... ரிகர்சலில் பிரமாதமாக வந்தது. தாத்தா சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார்.

பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து, பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். "1948-ல எனக்கு ஆறு வயசு. அந்த வருஷம்தான் இந்தப் பூனையைப் பார்த்தேன், அந்தப் பெட்டியில. அம்மா எங்கிருந்தோ டிக்கெட் கொண்டுவந்தா. அப்பா ரஷ்யாவிலேருந்து திரும்பி வரலை. என் கால்ல இருந்தது எங்க அண்ணனோட ஷூ. அடி மரம், மேல ஏதோ துணி. பெரிசா இருக்கும்னு உள்ளே காகிதம் திணிச்சிருக்கும். மழை பெய்ஞ்சா அது கூழாயிடும். எல்லாரும் பூனையைப் பார்த்துச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா என் கண்ணு அதோட மூஞ்சியில இல்லை, கால்ல. கதை எப்படி முடிஞ்சதுன்னே எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அம்மாவை ஒரே கேள்வி. 'அந்த பூட்ஸ் ராத்திரி எங்கே இருக்கும்?'"

யாரும் ஒன்றும் பேசவில்லை. வரி ஆலோசகர் அம்மாள் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விழட்டும். கீச்சும் இருக்கட்டும்" என்றார் தாத்தா. "ஆனா மூணாவது தடவை எழுந்த பிறகு அது ஒரு தடவை குனிஞ்சு தன் காலைப் பார்க்கணும். அவ்வளவுதான். யாரும் பேசக்கூடாது."

எவ்வளவு நேரம் என்று நர்ஸ் கேட்டார். பூனையை ஆட்டுகிறவர் அவர்தான். "நீ மூச்சு விடற நேரம்" என்றார் தாத்தா.

பொம்மை குனிந்து பார்ப்பது சுலபம். முதுகு நூலை இறுக்கி, தலை நூலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். ஆனால் வேடிக்கைக்கு நடுவில் வாயை மூடிக்கொண்டு இருப்பது இருக்கிறதே, கஷ்டம். முதல் இரண்டு ரிகர்சலில் நானே பொறுக்கமுடியாமல் கார்க்கைத் தேய்த்துவிடுவேனோ என்று பயந்து, பாட்டிலைத் தள்ளி வைத்தேன்.

நவம்பரில் பள்ளிக்கூட ஜிம் ஹாலில் மூன்று காட்சி நடந்தது. நாற்பது நிமிஷ நாடகம். ஆற்றில் குளிக்கிற கடைக்குட்டிக்குச் சட்டையைக் கழற்றமுடியாததால், பிளாஸ்டிக் தாளுக்கு மேலே தலையை மட்டும் விட்டோம். முதல் காட்சியில் அந்தத் தலை அலையோடு போய் ராஜாவின் வண்டிக்குள் விழுந்துவிட்டது. ராஜாவுக்குக் குரல் கொடுத்தவர் அசராமல், "வாருங்கள் பிரபுவே, மிச்சம் எப்போது வரும்?" என்று கேட்டார். மற்ற இரண்டு காட்சியிலும் வேண்டுமென்றே அப்படிச் செய்தோம்.

பூட்ஸ் காட்சி வந்தது. கீச், தடால். ஹால் முழுக்க இருநூறு குழந்தை சிரிக்கிறது. மறுபடி கீச், மறுபடி தடால். மூன்றாவது தடவை பூனை எழுந்தது. நின்றது. தலையைச் சாய்த்து வலது காலைப் பார்த்தது, அப்புறம் இடது காலை. மேலே பலகையில் நான் நர்ஸின் பக்கத்தில் அடுத்த பூனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவர் மூச்சை இழுத்து விடுவது காதில் கேட்டது. ஹாலில் சத்தமே இல்லை. முன் வரிசையில் ஒரு பொடியன், சிரியாவிலிருந்து வந்து அந்த வருஷம்தான் பள்ளியில் சேர்ந்தவன், குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டான். அவன் எதற்குப் பார்த்தானோ. லேஸ் அவிழ்ந்திருக்கலாம்.

மூன்றாவது காட்சி முடிந்த ராத்திரி பொம்மைகளைக் கட்டி வைத்தோம். நூல் சிக்காமல் இருக்க ஒவ்வொன்றையும் கட்டையோடு ஒரு துணிப் பையில் போட்டு, கம்பியில் வரிசையாகத் தொங்கவிடுவது வழக்கம். ராஜா, ராஜகுமாரி, நோட்டரி, தலை. நோட்டரியின் பத்திரம் எந்தப் பைக்கும் அடங்கவில்லை. வரி ஆலோசகர் அம்மாள் அதைச் சுருட்டித் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் தவளை ராஜா என்று ஏற்கனவே முடிவாகிவிட்டது. தவளை கிணற்றிலிருந்து எடுத்துக் கொடுத்த தங்கப் பந்துக்கு ரசீது உண்டா என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

பூட்ஸ் போட்ட பூனையை மட்டும் தாத்தா யாரிடமும் கொடுக்கவில்லை. கைக்குட்டையை எடுத்துத் தோலில் இருந்த தூசியைத் துடைத்தார். பையை விரித்துப் பிடித்துக்கொண்டு, பேச்செல்லாம் ஜெர்மனில், ஒரே ஒரு வார்த்தை மட்டும் தமிழில், "ம், நீங்க முதல்ல" என்றார் பூனையைப் பார்த்து.